ஆமையும் அமீனாவும் புகுந்த வீடு

தமிழ்ப் பழமொழி ஒன்றில் எனக்கு நிரந்தர இடம் உண்டு. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். அதில் வரும் அமீனா நான்தான். நீதிமன்றத்தின் கட்டளையை எடுத்துக்கொண்டு போய்ச் சம்மன் கொடுப்பது, கொடுக்க முடியாவிட்டால் கதவில் ஒட்டுவது, ஜப்தி செய்வது, வீட்டைக் காலி செய்துவைப்பது ஆகியவை என் தொழில். பொன்னேரியைச் சுற்றி நான் படியேறிய வீடுகளில் எல்லாம் யாராவது ஒருவர் இந்தப் பழமொழியை முணுமுணுப்பார். என் காதில் விழ வேண்டும், ஆனால் விழுந்ததாக நான் சொல்லிக்கொள்ள முடியாது என்கிற அளவான குரலில். பொருளாதாரத்தில் முதுகலையும் மாலைக் கல்லூரியில் சட்டமும் படித்தவனுக்கு இதெல்லாம் உறைக்கக் கூடாது. உறைக்கவும் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் யார், அவர் செய்த குற்றம் என்ன என்று ஓய்வுபெறும்வரை நான் யோசித்ததே இல்லை.

ஓய்வுக்குப் பிறகு சர்க்கரையைக் காரணம் காட்டி மருத்துவர் என்னை நடக்கச் சொன்னார். பழவேற்காட்டில் நடப்பது என்றால் பாலத்தைத் தாண்டி ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலிருக்கும் குப்பங்களின் பக்கம் போவதுதான். ஊருக்குள் நடந்தால் ஒவ்வொரு கடையிலும் தேநீர் கொடுப்பார்கள், அதிலும் சர்க்கரை இருக்கும். அப்படி ஒரு தை மாத விடியலில், ஈர மணலில் டிராக்டர் சக்கரம் போனது மாதிரி ஒரு தடம் பார்த்தேன். அதன் முனையில், பங்குனி ஆமை என்று குப்பங்களில் சொல்லும் கடலாமை ஒன்று முட்டையிட்டு முடித்துக் கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நாலு துடுப்பையும் ஒரு முறை போட்டுத் தள்ளும். நிற்கும். பெருமூச்சு விடும். மறுபடி தள்ளும். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அழுகிறது என்பார்கள். உடம்பில் சேர்ந்த உப்பை வெளியேற்றுகிறது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். எதுவாக இருந்தாலும், இவ்வளவு பாடுபட்டு வந்து, யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்காமல், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பிப் போகிற ஒரு ஜீவனை என்னோடு சேர்த்துப் பழமொழியில் கட்டிப்போட்டவன் எவனோ, அவன்மேல் முதல்முறையாகக் கோபம் வந்தது. என்னைச் சேர்த்ததில் நியாயம் உண்டு. அதைச் சேர்த்ததில் இல்லை.

அன்றிலிருந்து மாசி, பங்குனி விடியல்களில் தடம் பார்ப்பது என் வேலையாயிற்று. தடம் தெரிந்தால் வனக்காவலருக்குப் போன் செய்வேன். அவர் வந்து முட்டைகளை எடுத்துக் கூடையில் வைத்து, வேலி போட்ட பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய் அதே ஆழத்தில் புதைப்பார். குஞ்சு வெளிவந்ததும் கடலில் விடுவார்கள். இதற்கு ஒரு முறை உண்டு, முறை இருக்கிற எதுவும் எனக்குப் பிடிக்கும். குப்பத்துக்காரர்கள் என்னை அமீனா பாய் என்று கூப்பிடுவார்கள். ஆமை பாய் என்றும் சிலர். என் மனைவிக்கு இரண்டும் ஒன்றுதான். "அடுத்தவங்க வீட்டக் காலி பண்ண வெச்ச ஆளு, இப்ப முட்டைக்கு வாடகை வீடு பாத்துக் குடுக்கறாரு" என்று அண்டை வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

இப்போது அந்த வீட்டுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுக்கு நண்டும் இறாலும் கொண்டுவரும் பெண் ஒருத்தி உண்டு. கடலோரக் குப்பத்துக்காரி. கணவன் ஏரியில் தொழில் செய்கிறவன், அதிகம் பேசாதவன். இரண்டு பெண் குழந்தைகள். மாமியார் வீட்டில், மைத்துனன் குடும்பத்தோடு ஒரே கூரையின் கீழ் குடித்தனம். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒரே எண்ணம், தனியாக ஒரு வீடு. மாமியார் வீட்டுக்கு முன்னாலேயே, கடலைப் பார்த்த மாதிரி இருந்த மனையில் அதைக் கட்டிக்கொண்டிருந்தாள். சுவர் எழும்பி மேலே தளமும் போட்டாயிற்று. முன்பக்கமும் பின்பக்கமும் கதவு வைக்கவில்லை. உள்ளே தரை போடவில்லை, மணல் மட்டும் நிரப்பியிருந்தது. சித்திரையில் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. நண்டை அளந்து போடும்போதெல்லாம் என் மனைவியிடம் சமையலறையில் எந்தப் பக்கம் அலமாரி வைக்கலாம் என்று யோசனை கேட்பாள். கேட்டுவிட்டு அவளே பதிலும் சொல்லிக்கொள்வாள்.

மாசியில் ஒரு நாள் காலையில் அவளிடமிருந்து போன் வந்தது.

"பாய், கொஞ்சம் வாங்க. உங்க ஆளு எங்க வூட்டுக்குள்ள வந்துட்டுப் போயிருக்குது."

எந்த ஆள் என்று கேட்டேன். என் பழைய அலுவலகத்திலிருந்து யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அந்த ஆளு இல்ல பாய். இன்னொண்ணு."

போய்ப் பார்த்தேன். கடலிலிருந்து தடம் நேராக வீட்டை நோக்கி வந்திருந்தது. சிமெண்ட் மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றுவதற்காக மேஸ்திரி முன்வாசலில் மணலைக் கொட்டிச் சரிவு அமைத்திருந்தார். அரசு அலுவலகங்களில் மாற்றுத்திறனாளிகளுக்காகக் கட்டச் சொல்லி உத்தரவு போட்டும் கட்டாத சாய்தளத்தை இவர் ஓர் ஆமைக்காகக் கட்டிவைத்திருந்தார். அம்மையார் அதில் ஏறி, முன்வாசல் வழியாக உள்ளே நுழைந்து, கூடத்து மணலில் குழி தோண்டி முட்டையிட்டு மூடி, சமையலறை வரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, வந்த வழியே போயிருந்தார். வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள்கூட அவ்வளவு முறையாகப் பார்ப்பதில்லை.

வீட்டைச் சுற்றிக் குப்பமே நின்றது. நான் சரிவின் அடியில் நின்றேன். அப்போதுதான் எனக்கும் மற்றவர்களுக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. கூட்டத்தில் ஒருவன் மெதுவாகச் சொன்னான்:

"ஆமைதான் பூந்துச்சு. இவ போன் போட்டு அமீனாவையும் வரவெச்சுட்டா. டபுள் டிக்கெட்."

சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை. பின்னாலிருந்த தன் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, புது வீட்டின் நிழல்கூட மேலே படாத இடமாகப் பார்த்து நின்றார்.

"இன்னா பாய், அது வந்து பூந்துக்குச்சு. மிச்சம் மீதி இருந்தா நீ பாத்துக்கலாம்னு வந்தியா?"

என் உத்தியோகத்தில் நான் யாருடைய வீட்டுக்குள்ளும் அனுமதி கேட்டு நுழைந்ததில்லை. அனுமதி கட்டளையிலேயே இருக்கும். அன்று அந்தப் பெண்ணைப் பார்த்து, உள்ளே வரலாமாம்மா என்று கேட்டேன்.

"வாங்க பாய்" என்றாள். "இனிமே இன்னா கீது வர்றதுக்கு."

கண்கள் வீங்கியிருந்தன. விடிந்ததிலிருந்து என்ன நடந்தது என்று அவள் சொன்னாள். மாமியார் அந்த வீட்டில் காலை வைக்க மாட்டேன் என்றுவிட்டார். அம்மா வராத வீட்டுக்கு நான் மட்டும் எப்படி வருவது என்று கணவன் வலையை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டான். செங்கல்லைப் பெயர்த்து விற்றுவிடலாம் என்று மைத்துனன் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்திருக்கிறது. அவள் கேட்டது ஒன்றுதான்: முட்டையை எடுத்துக்கொண்டு போய்விட முடியுமா, முடிந்தால் உடனே.

முடியும் என்று சொல்லத்தான் போனேன். ஆனால் முட்டையைத் தொட எனக்கு அதிகாரம் இல்லை. வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலிக்குப் பக்கத்தில் இருக்கிற பிராணி அது. வனக்காவலர் வர வேண்டும். அவரோ அன்று வடக்கே சுண்ணாம்புக்குளத்தைத் தாண்டி இன்னொரு தடத்தைப் பார்க்கப் போயிருந்தார். வந்து சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மணலை மெல்ல விலக்கிப் பார்த்து, மூடிவிட்டு, உதட்டைப் பிதுக்கினார்.

"நேரம் போயிருச்சு சார். போட்ட கொஞ்ச நேரத்துக்குள்ள எடுத்துருக்கணும். இப்ப அசைச்சா உள்ள கரு செத்துரும். இங்கயேதான் பொரியணும்."

"எவ்வளவு நாள்?"

"ஒண்ணரை மாசம். நிழல்ல கீது, கூடவும் ஆவும்."

"வீட்டுக்குள் கூடு வைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு ஏதாவது ஆணை இருக்கிறதா?"

"எங்கயும் வெச்சதே இல்லியே சார். ஆணைக்கு எங்க போறது?"

நடைமுறையே இல்லாத ஒரு நிகழ்வு. உள்ளபடியே சொன்னால், ஓய்வுபெற்ற பிறகு எனக்கு வாய்த்த முதல் சந்தோஷம் அதுதான். அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டதைப் பார்த்ததும் என் சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் வைத்துக்கொண்டேன்.

மாலையில் வலை பின்னும் கூடத்தில் ஊர் கூடியது. ஊர்த் தலைவர் நடுவில், மாமியார் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம். கணவன் தூணுக்குப் பின்னால். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வழக்கு இதுதான்: ஆமை புகுந்த வீட்டில் குடும்பம் குடியேறலாமா, கூடாதா.

நான் இரண்டு வாதங்களைத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். முதலாவது, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் யாரும் கட்டளையோடு குடியிருப்பு வீட்டுக்குள் நுழையக் கூடாது. என்னைக் கட்டுப்படுத்திய விதி இது. பழமொழி எங்கள் இருவரையும் ஒன்றாக வைத்திருப்பதால் ஆமையையும் கட்டுப்படுத்தும். ஆகவே இரவில் நடந்த அந்தப் பிரவேசம் செல்லாது.

ஊர் இதை ரசித்தது. தலைவர்கூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். மாமியார் மட்டும், "செல்லாதுன்னு அதுங்கிட்ட யாரு போய்ச் சொல்றது? நீ நீந்திக்கினு போயிச் சம்மன் குடுத்துட்டு வரியா?" என்றார்.

இரண்டாவது வாதத்தை எடுத்தேன். வாசக்கால் வைத்துப் பூசை போடாதவரை அது வீடே இல்லை, நாலு சுவர் நிற்கிற மணல்தான். இது உங்கள் வழக்கம்தானே? ஆகவே ஆமை புகுந்தது வீட்டில் அல்ல, மணலில். இதற்குச் சில தலைகள் ஆடின. எனக்கும் நம்பிக்கை வந்தது.

"வாசக்கால் இல்லாததாலதான் பாய் உள்ள வந்துச்சு" என்றார் மாமியார். "உனக்கு அது வூடு இல்ல. அதுக்கு வூடாத் தெரிஞ்சுதே. இல்லாங்காட்டி இத்தினி மணல வுட்டுட்டு அங்க எதுக்கு வந்து போட்டுச்சு?"

எந்த நீதிமன்றத்திலும் இதற்குப் பதில் இல்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது மருமகள் எழுந்தாள். ஊர்க் கூட்டத்தில் பெண்கள் பேசுவது அங்கே சாதாரணமில்லை. தலைவர் ஏதோ சொல்லப் போனார். அவள் காத்திருக்கவில்லை.

"தலைவரே, ஏரியில எங்க பாடு வர்ற நாளுல வேற எவனாச்சும் வந்து வலை கட்டுவானா?"

பாடு என்பது அந்த ஊர்களின் அரசியல் சாசனம். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டலாம் என்று ஊர் முறை வைத்துப் பிரித்துக் கொடுக்கும். ஒருவன் பாட்டில் இன்னொருவன் குறுக்கே போனால் ஊர்க் குற்றம். அண்ணன் தம்பியாக இருந்தாலும் அன்று ஒதுங்கித்தான் நிற்க வேண்டும்.

"கட்ட மாட்டான்" என்றார் தலைவர்.

"அவன் பாடு முடிஞ்சா?"

"எழுந்து போயிடுவான். அடுத்தவன் வருவான்."

"போன பாட்டுக்காரன் இறங்கின தண்ணி ஆவாதுன்னு யாராச்சும் வலை கட்டாம வந்துருக்காங்களா?"

தலைவரால் ஆமாம் என்று சொல்ல முடியாது. ஆமாம் என்றால் ஏரியே நின்றுபோகும்.

"இப்ப அந்த எடம் அதோட பாடு. அது ஒண்ணும் குடியிருக்க வரல. முட்டை பொரிஞ்சதும் அதுபாட்டுக்கு எழுந்து கடலுக்குப் போயிடும். அப்பறம் எங்க பாடு. நாங்க பால் காய்ச்சிக்கிறோம்."

எதிர்த்தரப்பின் சட்டத்தை எடுத்தே எதிர்த்தரப்பைக் கட்டுவதை நான் வழக்கறிஞர்களிடம் சில முறை பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாகப் பார்த்ததில்லை. தூணுக்குப் பின்னாலிருந்து கணவன் தலையை மட்டும் வெளியே நீட்டித் தன் மனைவியைப் பார்த்தான்.  தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முட்டை பொரிகிற வரை அந்த வீடு ஆமையின் பாடு, யாரும் குறுக்கே போகக் கூடாது என்றார்.

மாமியார் எழுந்து புடவையை உதறினார். "பாடுன்னு சொல்லிட்டீங்க, நான் மறுக்கல. ஆனா ஒண்ணு. பொரிஞ்சு கடலுக்குப் போச்சுன்னா, பாக்கலாம். அழுவிப் போச்சுன்னா அது சாவு வுழுந்த வூடு. நானும் வர மாட்டேன், எம்புள்ளையும் வர மாட்டான்."

ஆக அந்தப் பெண்ணின் வீடு இப்போது நூற்றுச் சொச்சம் முட்டைகளின் கையில் இருந்தது.

பாட்டுக்கு உரிய விதிகளை எழுதித் தரும்படி தலைவர் என்னைக் கேட்டுக்கொண்டார். கேட்காவிட்டாலும் எழுதியிருப்பேன். நாய்கள் உள்ளே போகக் கூடாது. மணலில் யாரும் நடக்கக் கூடாது. கடல் பக்கம் பார்த்த விளக்குகளை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அணைத்துவிட வேண்டும், ஏனென்றால் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து அங்கே போய்விடும். இந்த விதிக்கு மாமியார் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்.

"வௌக்கு வெக்கிற நேரத்துல என்னால லைட்ட அமத்த முடியாது. லட்சுமி வர்ற நேரம்."

குஞ்சுகள் பெரும்பாலும் நன்றாக இருட்டிய பிறகுதான் வெளிவரும் என்று காவலர் சொன்னார். சரி, விளக்கு வைக்கும் நேரத்துக்கு விலக்கு அளிக்கப்படுகிறது என்று நானே திருத்தமாக வாசகம் அமைத்தேன். நல்ல வாசகம். இப்போதும் அதில் பிழை காண முடியாது.

அதன்பிறகு நடந்தது நான் எதிர்பார்க்காதது. பாடு என்ற ஒரு சொல் விழுந்ததும் ஊர் மாறிவிட்டது. பழமொழிக்குப் பயந்தவர்கள் பாட்டுக்குக் காவல் நின்றார்கள். முன்னாலும் பின்னாலும் வாசல்களில் பழைய வலையைக் கட்டி நாய்களைத் தடுத்தார்கள். மைத்துனன்தான் பின்வாசல் வலையைக் கட்டினான், செங்கல் விற்கச் சொன்ன அதே மைத்துனன். கரையில் மீன் ஏலம் போடுகிறவர்கள் வீட்டைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்தினார்கள். அங்கே அதற்கு முன்னுதாரணமே கிடையாது. ஆமை வலையில் மாட்டினால் வலையை அறுத்து விடுவதா, வலையைப் பார்ப்பதா என்று எப்போதும் ஒரு பேச்சு இருக்கும். அந்தப் பங்குனியில் அறுத்து விட்டவர்கள் வந்து அதை எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார்கள், ஏதோ எங்கள் வீட்டு ஆளைக் கரைசேர்த்த மாதிரி. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகும் பையன்கள் ஷிப்டு முடிந்து வரும்போது, "இன்னா பாய், வாய்தா எப்ப?" என்று கேட்டுக்கொண்டே போவார்கள்.

இதற்கிடையில் காவலர் ஒரு தகவலை அவிழ்த்துவிட்டார். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சு, குளிர்ச்சியாக இருந்தால் ஆண் குஞ்சு. இது நிழலில் இருக்கிறது, அதனால் பெரும்பாலும் ஆணாகத்தான் இருக்கும். அவர் விஞ்ஞானமாகச் சொன்னார். ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது.

"ஒம் மருமவ வூட்டுல நூறு ஆம்பளப் புள்ளையாமே" என்று குழாயடியில் ஒருத்தி மாமியாரைக் கேட்டாள். இரண்டும் பெண்ணாகப் பெற்றுவிட்டாள் என்று மருமகளைக் குத்திக்கொண்டிருந்தவர் அவர்.

"அவ பெத்த மாரி சொல்லிக்கினு வந்துட்ட. போடி" என்றார். ஆனால் அன்று மாலை பின்வாசல் வலையருகே வந்து, உள்ளே பார்ப்பதுபோல் தெரியாமல் உள்ளே பார்த்துவிட்டுப் போனதாக மருமகள் என்னிடம் சொன்னாள்.

ஒன்றரை மாதம் கடந்தது. சித்திரை பிறந்தது. பால் காய்ச்சக் குறித்த நாளும் வந்து போனது. மணல் அசையவில்லை. காவலர் வந்தார், குனிந்து பார்த்தார், நிழல் சார் என்றார். மீண்டும் வந்தார், மீண்டும் அதையே சொன்னார். நான் வாய்தாக்களைப் பார்த்துப் பழகியவன். வழக்கு நீளுவதே அது உயிரோடு இருப்பதற்கு அடையாளம் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போது அலமாரியைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்தியிருந்தாள். நண்டை அளந்து போட்டுவிட்டுப் பேசாமல் கிளம்பிவிடுவாள். என் மனைவி வாசலில் நின்று அவள் போவதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, "இன்னாங்க, அது பொரியுமா, பொரியாதா? நெசத்தச் சொல்லுங்க" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் அப்படிச் சொன்னதே இல்லை என்பதால் அவள் பயந்துபோனாள்.

குப்பத்திலும் பேச்சு திரும்ப ஆரம்பித்தது. வாசலில் காவல் நின்றவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலையைப் பார்க்கப் போனார்கள். முன்வாசல் வலை ஒருபக்கம் அவிழ்ந்து தொங்கியது. பின்வாசல் வலையை மைத்துனன் கழற்றி எடுத்துப் போய்விட்டான், அவனுக்கு அது தேவைப்பட்டதாம்.  

சித்திரையில் ஒரு சாயங்காலம் நானும் என் மனைவியும் அங்கே போய்ப் பின்வாசல் ஓரமாக நின்றிருந்தோம். அவள் அந்தப் பெண்ணுக்குப் பேச்சுத் துணையாக வந்தாள். சூரியன் ஏரிப் பக்கம் இறங்கிவிட்டது. அக்கரையிலிருந்து மஃரிப் பாங்கு காற்றில் துண்டுதுண்டாக வந்தது. எங்களுக்குத் தொழுகை நேரம், அவர்களுக்கு விளக்கு வைக்கும் நேரம். பின்னாலிருந்த வீட்டில் மாமியார் சாமி விளக்கை ஏற்றிவிட்டு, வாசல் டியூப் லைட்டையும் போட்டார். நான் எழுதிக்கொடுத்த விலக்கின்படி.

"பாய்" என்றாள் அந்தப் பெண், மிக மெதுவாக. "மணலு உள்ள போவுது."

கூடத்து மணலில் ஒரு குழி விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு மூச்சு எடுத்த மாதிரி அசைந்தது. ஒரு கறுப்பு மூக்கு. ஒரு துடுப்பு. பிறகு கொதிக்கும் சோறு பொங்குவதுபோல் மொத்தமும் மேலே வந்தது. உள்ளங்கையில் பாதிகூட இருக்காத ஜீவன்கள், ஒன்றின் தலையில் ஒன்று ஏறிக்கொண்டு, முதுகில் மணலோடு, ஏதோ ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில். அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். என் மனைவி "யா அல்லாஹ்" என்றாள்.

முன்வாசல் பக்கம் கடல் இருட்டிக் கிடந்தது. பின்வாசல் பக்கம் மேற்கே இன்னும் வெளுத்திருந்தது, அதற்கும் கீழே டியூப் லைட் பளீரென்று எரிந்தது. குஞ்சுகளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அத்தனையும் பின்வாசலை நோக்கித் திரும்பின. தடுக்க அங்கே வலையும் இல்லை. படியிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே மணலில் விழுந்து, புரண்டு நிமிர்ந்து, வரிசையாக மாமியார் வீட்டு வாசலைப் பார்த்து நடந்தன.

"அத்தே" என்று கத்தினாள் மருமகள். "லைட்ட அமத்து அத்தே."

"வௌக்கு வெக்கிற நேரத்துல யாருடி லைட்ட அமத்தச் சொல்றது" என்று கேட்டுக்கொண்டே மாமியார் வாசலுக்கு வந்தார். வந்தவர் கீழே பார்த்தார். முதல் வரிசை அவர் வாசற்படிக்கு ஒரு முழத்தில் இருந்தது.

அவர் முகத்தை அந்த வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தேன். ஓர் ஆமை புகுந்த வீட்டிலேயே கால் வைக்காதவர் வீட்டுக்குள் நூறு ஆமைகள் புகப்போகின்றன. நான் எழுதிய விதியில் இதற்கு வழி எதுவும் இல்லை. விதியை எழுதியவன் என்ற முறையில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் காத்திருக்கவில்லை. கை பின்னால் போய் சுவிட்சைத் தட்டியது. அடுத்த மூச்சில் உள்ளே போய்ச் சாமி விளக்கையும் திரைக்குப் பின்னால் நகர்த்திவிட்டு வந்தார். வரும்போது கையில் முறம் இருந்தது.

"அந்தாண்ட போங்கடா. அந்தாண்ட. இது ஒங்க வூடு இல்ல" என்று சொல்லிக்கொண்டே குனிந்து வழித்து முறத்தில் போட்டார்.

"அம்மா, கையால் தொடக் கூடாது, சட்டப்படி" என்று ஆரம்பித்தேன்.

"பாய், நீ கம்முனு கெட" என்றார். "ஒன் சட்டம்தான் லைட்ட எரிய வுட்டது."

 நானும் குனிந்தேன். மருமகள் நண்டுக் கூடையைக் கொண்டுவந்தாள். என் மனைவி துப்பட்டாவை விரித்துப் பிடித்தாள். எங்கிருந்தோ கணவன் ஓடிவந்தான். ஆனால் ஏற்கெனவே புது வீட்டுக்குள் இருந்தவை இன்னும் பின்வாசல் பக்கமே வந்துகொண்டிருந்தன, வெளுத்திருந்த வானத்தைப் பார்த்து. கீழே நின்று பொறுக்கினால் முடியாது. மேலே ஏறி, உள்ளே போய், எதிர்ப்பக்கம் திருப்பிவிட வேண்டும். எங்களில் பின்வாசலுக்கு மிக அருகில் நின்றவர் மாமியார்.

அவர் ஏறினார். யோசித்து ஏறினாரா, யோசிக்காமல் ஏறினாரா என்று நான் சாட்சி சொல்ல முடியாது. புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, முறத்தைப் பின்வாசலில் குறுக்கே நிறுத்தி, "இங்க இல்ல, அங்க, அங்க, கடலு அங்க" என்று கோழிகளை அடைப்பதுபோல் கூடம் முழுவதும் துரத்தினார். திரும்பாதவற்றை முறத்தில் வாரி, முன்வாசல் சரிவில் இறங்கி மணலில் விட்டார். மறுபடி உள்ளே வந்தார். மறுபடி போனார். ஈர மணல் காலில் பட்டதும் குஞ்சுகளுக்குத் திசை பிடிபட்டுவிட்டது. முதல் அலை வந்து ஒரு வரிசையை அள்ளிக்கொண்டு போனது. தள்ளி நின்ற ஒன்றைப் புரட்டிப் போட்டது. அது நிமிர்ந்து, அடுத்த அலைக்கு நின்று, போய்விட்டது.

கடைசியாக ஒன்று சமையலறை மூலையில் மாட்டிக்கொண்டு சுவரை முட்டிக்கொண்டிருந்தது. மாமியார்தான் போய் எடுத்தார். வெகுநேரமாக வெளியே வரவில்லை. மருமகள் உள்ளே எட்டிப் பார்த்தாள், நானும் பின்னால் நின்றேன். கணவன் எங்களுக்குப் பின்னால், உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் சரிவில் பாதியில் நின்றுகொண்டிருந்தான். அவர் குஞ்சை ஒரு கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சுவரிலிருந்து சுவர் வரை சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

"இன்னாடி இது, அடுப்பங்கரைய இத்தினிக்காண்டு கட்டி வெச்சுக்கிற?" என்றார். "நான் எங்க குந்திக்கினு மீன் அரியறது?"

மருமகள் உள்ளே போய் அந்தச் சுவரைத் தொட்டுக் காட்டினாள்.

"இன்னும் தரை போடலியே அத்தே. செவுத்த அந்தாண்ட தள்ளிக் கட்டிக்கலாம்."

"தள்ளித்தான் கட்டணும். மேஸ்திரிக்குக் கண்ணு இல்ல" என்று சொல்லிவிட்டு, குஞ்சைக் கடலில் விட முன்வாசல் வழியாக நடந்தார். சரிவில் நின்றிருந்த மகனைப் பார்த்து, "இன்னாடா மரம் மாரி நிக்கற. காலைல மேஸ்திரிய வரச் சொல்லு" என்றார்.